மல்லாந்து நீந்தும் மீன்

மீன் மல்லாந்து மிதந்தால் அது இறந்துவிட்டது என்று பொருள். இதை யாரும் நமக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. கோடையில் ஏரி வற்றிக் குட்டையாகும்போது வெள்ளை வயிறு மேலே தெரிய மீன்கள் மிதப்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். ஆனால் சென்னையில் என் வீட்டுக் கூடத்தில் இருக்கும் கண்ணாடித் தொட்டியில் நான்கு மீன்கள் ஆண்டுக்கணக்காக மல்லாந்தே வாழ்கின்றன, மல்லாந்தே உண்கின்றன, மல்லாந்தே ஒன்றையொன்று துரத்துகின்றன. முதன்முறை வீட்டுக்கு வருகிறவர் தொட்டியைச் சற்று நேரம் பார்ப்பார். பிறகு, என் மனம் புண்படக்கூடாதே என்று குரலைத் தாழ்த்தி, "உங்கள் மீன் ஒன்று போய்விட்டது போலிருக்கிறதே, ஐயா" என்பார். அவர் சொல்லி முடிப்பதற்குள், போய்விட்ட மீன் விருட்டென்று திரும்பி மரக்கட்டைக்குள் நுழைந்துகொள்ளும். இந்த மீனைப் பற்றியும், இதனை வளர்க்கத் தொடங்கிய காலத்தில் நான் செய்த பெரும் பிழை ஒன்றைப் பற்றியும் இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

இது நம் நாட்டு மீன் அன்று. ஆப்பிரிக்கக் கண்டத்தின் நடுவே அடர்ந்த காடுகளை ஊடுருவிப் பாயும் காங்கோ ஆறும் அதன் கிளையாறுகளும் இதன் தாயகம். நாம் கெளிறு என்றும் கெளுத்தி என்றும் வழங்கும் மீசை மீன்களின் பெருங்கூட்டத்தைச் சேர்ந்தது இது. 1936-ஆம் ஆண்டில் இதற்குச் 'சினோடான்டிஸ் நைக்ரிவென்ட்ரிஸ்' என்ற அறிவியற்பெயர் சூட்டப்பெற்றது. பெயர்தான் நீளமே தவிர மீன் சிறியது. நன்கு வளர்ந்ததும் பத்து சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. செதிலற்ற வழவழப்பான உடல். பழுப்பு நிறத்தின்மேல் கரும்புள்ளிகள். உடலுக்கு மிஞ்சிய பெரிய கண்கள். வாயைச் சுற்றி மூன்று இணை மீசைகள். மேல்தாடை மீசை நூல்போல் நீண்டிருக்கும். கீழ்த்தாடை மீசைகளோ சிறு வேர்கள்போல் கிளைவிட்டிருக்கும். முதுகுத் துடுப்பிலும் மார்புத் துடுப்புகளிலும் வலிய முட்கள் உண்டு. அச்சம் வந்தால் அவற்றை விறைத்துப் பூட்டிக்கொள்ளும். மார்பு முள்ளை அதன் மூட்டுக்குழியில் உராய்ந்து 'கிறீச்' என்று ஒலி எழுப்பவும் செய்யும்.

ஆங்கிலேயர் இதனைத் தலைகீழ்க் கெளிறு என்ற பொருள்பட அழைக்கின்றனர். உண்மையில் இது தலையைக் கீழே தொங்கவிட்டு வாலை மேலே உயர்த்தி நிற்பதில்லை. வயிறு வானத்தையும் முதுகு தரையையும் நோக்க, கிடையாக நீந்துகிறது. இதற்கென்றே 'மல்லாத்தல்' என்ற துல்லியமான சொல் நம்மிடம் இருக்கும்போது, பொருந்தாத பெயரை ஏன் இரவல் வாங்கவேண்டும்? நான் இதனை மல்லாந்த கெளிறு என்றே சொல்லிவருகிறேன். கடைக்காரரிடம் மட்டும் அந்தப் பெயர் செல்லுபடியாவதில்லை.

இந்த மீனின் நிறத்தைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். சந்தையில் நீங்கள் காணும் ஏறத்தாழ எந்த மீனும் முதுகில் கறுத்தும் வயிற்றில் வெளுத்தும் இருக்கும். மேலிருந்து பார்க்கும் பறவைக்கு இருண்ட முதுகு ஆழ்நீரின் இருளோடு கலந்துவிடுகிறது. கீழிருந்து பார்க்கும் பெரிய மீனுக்கு வெள்ளை வயிறு வானொளியோடு கலந்துவிடுகிறது. மேலும், ஒளி படும் பக்கம் கறுத்தும் நிழல் விழும் பக்கம் வெளுத்தும் இருந்தால் உடலின் திரட்சியே கண்ணுக்குத் தெரியாமல் மங்கிவிடும். இந்த நுட்பத்தை 1896-இல் எடுத்து விளக்கியவர் ஆபட் தேயர் என்னும் அமெரிக்க ஓவியர். நிழலை எப்படித் தீட்டினால் உருவம் திரண்டு தோன்றும் என்று அறிந்த ஓவியரல்லவா? அதனை எப்படி அழித்தால் உருவம் மறையும் என்பதும் அவருக்குத் தென்பட்டது. நம் கெளிற்றில் இந்தக் கணக்கு அப்படியே புரண்டிருக்கிறது. இதன் வயிறு கறுப்பு, முதுகு வெளிர். இலத்தீன் மொழியில் 'நைக்ரிவென்ட்ரிஸ்' என்றாலே கருவயிறு என்றுதான் பொருள். கிடை மாறியபோது நிறமும் உடன் மாறிவிட்டது.

இந்த இனத்துக்கு நைல் நதியில் பெரிய உறவினர் ஒருவர் இருக்கிறார். அவரும் மல்லாந்து நீந்துபவர்தாம். அந்த மீனின் அறிவியற்பெயரில் 'பட்டென்சோடா' என்ற சொல் இருக்கிறது. அது அரபுச் சொல்லின் திரிபு; அதற்கும் கருவயிறு என்றே பொருள். நைற்கரை மீனவர்களும் இலத்தீன் படித்த அறிஞர்களும் தனித்தனியே பார்த்து ஒரே பெயரை வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

அந்த நைல் மீனை முதலில் கவனித்தவர்கள் அரபியரும் அல்லர். 4,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட எகிப்தியக் கல்லறைச் சுவர்களில் மீன்பிடிக் காட்சிகள் செதுக்கப்பட்டுள்ளன. படகின் அடியில் நீந்தும் மீன்கள் எல்லாம் முதுகு மேலாக இருக்க, அவற்றினிடையே ஒரு கெளிறு மட்டும் மல்லாந்து கிடக்கும். பார்ப்பவர் சிற்பி தவறு செய்துவிட்டார் என்று நினைக்கக்கூடும். சிற்பி தவறு செய்யவில்லை. ஆற்றில் கண்டதையே கல்லில் வைத்தார். அந்நாட்டார் கெளிற்று உருவத்தைப் பொன்னில் செய்து சிறுமியர் சடையில் தொங்கவிட்டனர். நீரில் மூழ்கி இறவாமல் அது காக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. எடின்பரோ நகரத்து அருங்காட்சியகத்தில் அத்தகைய பொன்மீன் ஒன்று இருக்கிறது. வெஸ்ட்கார் சுவடி என்னும் பழைய எகிப்தியக் கதைத் தொகுதியிலும் இவ்வணி வருகிறது. ஸ்னெஃப்ரு மன்னனின் படகைத் தண்டு வலித்த பெண் ஒருத்தியின் தலையிலிருந்து, நீலப்பச்சைக் கல்லால் செய்த மீன் ஏரியில் விழுந்துவிடுகிறது. வேறொன்று தருகிறேன் என்கிறான் மன்னன். அவள் தன்னுடையதே வேண்டும் என்று பிடிவாதம் செய்கிறாள். கடைசியில் மந்திரவாதி ஒருவன் ஏரி நீரையே பாதியாக மடித்து வைத்து, அடியில் கிடந்த அணியை எடுத்துக் கொடுக்கிறான்.

இனி, இந்த மீன் ஏன் மல்லாந்து நீந்துகிறது என்ற கேள்விக்கு வருவோம். பிறவியிலேயே அது அப்படி இல்லை என்பதை முதலில் சொல்லவேண்டும். குஞ்சுகள் ஏறத்தாழ இரண்டு மாதம்வரை மற்ற மீன்களைப்போல முதுகு மேலாகவே நீந்துகின்றன. அதற்குப் பிறகே புரள்கின்றன. புரண்டபின் அதனால் நிமிர முடியாது என்பதும் இல்லை. அடித்தரையில் இரை பொறுக்கும்போது நேராகவே நீந்தும். ஆகவே இது உடற்குறையன்று. வேண்டும்போது கைக்கொள்ளும் வாழ்க்கைமுறை. மேல் எது, கீழ் எது என்பதை மீன்கள் செவியினுள் இருக்கும் சிறு கற்களைக் கொண்டு உணர்கின்றன. அத்துடன், ஒளி வரும் திசைக்கு முதுகைக் காட்டும் இயல்பும் பல மீன்களுக்கு உண்டு. தொட்டியின் பக்கவாட்டில் விளக்கை வைத்தால் அவை அந்தப் பக்கம் சாய்ந்து நீந்துவதைக் காணலாம். மல்லாந்த கெளிற்றிடம் அந்தச் சாய்வைக் காண்பதில்லை. ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் இதனை விமானத்தில் ஏற்றி, விமானம் வளைந்து எழுந்து இறங்கும் சில விநாடிகளில் உண்டாகும் எடையற்ற நிலையிலும் சோதித்திருக்கின்றனர்.

மல்லாந்திருப்பதால் வரும் முதல் பயன் உணவு. கெளிற்றின் வாய் முகத்தின் அடிப்புறத்தில் இருக்கிறது. தரையில் மேய்வதற்கு ஏற்ற வாய் அது. காங்கோக் காட்டில் நீரில் சாய்ந்து கிடக்கும் கிளைகளின் அடிப்புறத்திலும் இலைகளின் அடிப்புறத்திலும் பாசியும் புழுக்களும் ஒட்டியிருக்கின்றன. நீரின் மேற்பரப்பில் பூச்சிகள் விழுகின்றன. மல்லாந்துகொண்டால் கிளையின் அடிப்புறமே அதற்குத் தரையாகிவிடுகிறது. நீரின் மேற்பரப்பும் இன்னொரு தரையாகிவிடுகிறது. மற்ற மீன்கள் எட்டாத பந்தி அது.

இரண்டாவது பயன் மூச்சு. இதைத்தான் நான் உங்களுக்கு விரிவாகச் சொல்லவேண்டும். இதை அறியாமல்தான் நான் பிழை செய்தேன். காட்டுச் சதுப்புகளில் இலைகள் விழுந்து அழுகும். அவற்றை அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் நீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜன் என்னும் பிராணவாயுவைப் பெரும்பாலும் தாமே உட்கொண்டுவிடும். அத்தகைய நீரிலும், காற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் மேற்பரப்பில், மெல்லிய ஏடுபோன்ற ஒரு படலத்தில் மட்டும் பிராணவாயு இருக்கும். மீன் பிழைக்கவேண்டுமானால் அந்த ஏட்டிலுள்ள நீரை வாயால் இழுத்துச் செவுளில் செலுத்தவேண்டும். அடிவாய் உள்ள மீன் முதுகு மேலாக இருந்தால், வாயை மேற்பரப்புக்குக் கொண்டுவர ஏறக்குறைய நட்டுக்குத்தாக நின்று தத்தளிக்கவேண்டியிருக்கும். மல்லாந்த மீனுக்கோ வாய் தானாகவே மேற்பரப்பில் பொருந்திவிடும். லாரன் சாப்மனும் அவருடன் உழைத்த இருவரும் இந்த மீனையும் இதே குடும்பத்து வேறொரு மீனையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, பிராணவாயு குறைந்த நீரில் மேற்பரப்பு மூச்சுக்கு மல்லாந்த கிடை உதவுகிறது என்பதை 1994-இல் வெளியிட்டனர். காற்றுப் பஞ்சம் வரும்போது இந்த மீன் நேரே மேற்பரப்புக்கு வந்து, அங்கேயே மல்லாந்து நிற்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் முதன்முதலில் இம்மீன்களை வாங்கியது 2015-ஆம் ஆண்டு ஏப்ரலில். வண்ணமீன் வாணிகத்துக்குப் பேர்போன கொளத்தூரில் நான்கு மீன்கள் வாங்கினேன். தொட்டியை அமைத்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அதில் முன்பே ஒரு டஜன் சிறு மீன்களை விட்டிருந்தேன். மேற்பரப்பில் மிதவைச் செடிகள் நிறைந்திருந்தன. கூடத்தில் படுத்துறங்கும் என் தாயாருக்குக் காற்று மோட்டாரின் இரைச்சல் இடையூறாக இருந்ததால், இரவு பத்து மணிக்கு அதனை நிறுத்திவிட்டுக் காலையில் போடுவேன். இவ்வளவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை.

மே மாதம் வந்தது. விடியற்காலையில் எழுந்து பார்த்தால் நான்கு மீன்களும் மேற்பரப்பில் அணிவகுத்து மல்லாந்து நிற்கும். எனக்கு ஒரே பூரிப்பு. கடையில் மரக்கட்டைக்குள் பதுங்கிக் கிடந்த மீன்கள் என் வீட்டில் பழகிவிட்டன. தம் வித்தையைத் தாமே காட்டுகின்றன என்று நினைத்தேன். அண்டை வீட்டாரை அழைத்துக் காட்டினேன். இந்த மீன் இருளில் நடமாடுவது, பகல் வெளிச்சத்தில் மறைந்திருப்பது என்று புத்தகத்தில் படித்திருந்தும், பட்டப்பகலில் அது ஏன் வெளியே நிற்கிறது என்று நான் கேட்கவில்லை. அவை வித்தை காட்டவில்லை, நேயர்களே, மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன.

விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கை மகளுக்கு அப்போது எட்டு வயது. ஒருநாள் காலை அவளைத் தொட்டியருகே அழைத்து, செடியின் வேர்களிடையே மல்லாந்திருந்த மீனைக் காட்டி, "பார், எவ்வளவு அழகாக நிற்கிறது!" என்றேன். அவள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "மாமா, இது வாயைத் திறந்து மூடவே இல்லையே" என்றாள். அது இறந்து எத்தனை மணி நேரம் ஆயிற்றோ, எனக்குத் தெரியாது. செத்த மீனும் உயிருள்ள மீனும் ஒரே கிடையில் இருந்தன; நான் கிடையை மட்டுமே பார்த்திருந்தேன். அந்த வாரத்துக்குள் மற்ற மூன்றும் மடிந்தன.

நடந்தது என்ன என்பதைப் பின்னர்தான் கணக்கிட்டேன். 20 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும்; 30 பாகையில் ஏழரை மில்லிகிராம்தான் கரையும். சென்னைக் கோடையில் தொட்டி நீர் 30 பாகையைத் தாண்டியே இருந்தது. பகலில் பிராணவாயுவை வெளியிடும் செடிகள் இரவில் தாமும் அதனை உட்கொள்கின்றன. மேற்பரப்பை அடைத்த மிதவைச் செடிகள் காற்று நீரில் கலப்பதையும் குறைத்தன. எஞ்சியிருந்த ஒரே துணையான மோட்டாரை என் கையாலேயே நிறுத்தினேன். இத்துடன் இன்னொன்றும் உண்டு. மீன்கள் கழிக்கும் அம்மோனியா ஒரு நஞ்சு. அதனை நைட்ரைட்டாகவும், பிறகு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியிலும் மணலிலும் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். என் தொட்டிக்கு அந்த அவகாசத்தை நான் தரவில்லை.

அடுத்த முறை வாங்குவதற்கு முன் எட்டு மாதம் பொறுத்தேன். மாணவ நண்பர்களே, உங்களில் யாரேனும் இம்மீனை வளர்க்க விரும்பினால் நான் பிறகு கைக்கொண்ட முறையைக் கேளுங்கள். நூறு லிட்டருக்குக் குறையாத தொட்டி வேண்டும். இது கூட்டமாக வாழும் மீன், ஒற்றையாக விட்டால் ஒடுங்கிக் கிடக்கும், நான்கைந்தாவது வேண்டும். மீசைகள் தேயாதபடி மெல்லிய மணலோ உருண்டைக் கூழாங்கல்லோ பரப்புங்கள். குடைவுள்ள மரக்கட்டை ஒன்றும் அகன்ற இலைச் செடிகளும் இருந்தால் அவற்றின் அடிப்புறமே இதற்கு வீடு. இதற்கு உகந்த வெப்பம் 22 முதல் 26 பாகைவரை. நம் ஊரில் குளிருக்கன்று, வெயிலுக்கே அஞ்சவேண்டும். தொட்டியைச் சன்னலருகே வைக்காமல், கோடையில் மேல்மூடியைத் திறந்து மின்விசிறிக் காற்று நீரின்மேல் படச் செய்யுங்கள். பானை நீர் குளிர்வதுபோல் இதுவும் சிறிது குளிரும். குழாய் நீரைக் குளோரின் நீக்காமல் விடக்கூடாது. வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றினால் போதும். முழுவதையும் கொட்டித் தேய்த்துக் கழுவுவது துப்புரவு என்று நம் வீடுகளில் நினைக்கிறார்கள். அது நல்ல நுண்ணுயிர்களையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

உணவு கொடுப்பது எளிது. விளக்கணைத்தபின் சிறிது மீனுணவு. கிடைத்தால் கொசுப் புழுக்கள். மேற்பரப்பில் தொங்கும் கொசுப் புழுவை மல்லாந்தபடியே உறிஞ்சிச் செல்வது காணத்தக்க காட்சி. மிகச் சிறிய மீன்களோடு விடாதீர்கள். இரவில் ஒன்றிரண்டு காணாமற்போகலாம். செதிலற்ற உடலாதலால் உப்பும் செம்பு கலந்த மருந்துகளும் இதற்கு ஆகா. வலையில் பிடித்தால் முள்ளை விறைத்துக்கொண்டு சிக்கிவிடும். பிளாஸ்டிக் குவளையால் நீரோடு முகந்தெடுங்கள். வீட்டுத் தொட்டியில் இது முட்டையிடுவது மிக அரிது. கடைகளுக்கு வருபவற்றுள் பல, பண்ணைகளில் ஊசிமருந்து செலுத்தி இனம்பெருக்கப்பட்டவை. ஒரு செய்தியைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். வளர்க்க முடியவில்லை என்றால் கடையிலோ நண்பரிடமோ கொடுங்கள், ஏரியில் விடாதீர்கள். தொட்டிகளிலிருந்து வெளியேறிய தென்னமெரிக்க உறிஞ்சுவாய்க் கெளிறுகள் தமிழ்நாட்டு நீர்நிலைகளில் பெருகி மீனவர் வலைகளைக் கிழிக்கின்றன.

2016 ஜனவரியில் ஐந்து மீன்கள் வாங்கினேன். அவ்வாண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வார்தா புயல் சென்னையைத் தாக்கியது. மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. எங்கள் தெருவில் மின்சாரம் அன்று பகலில் போனது. மோட்டார் நின்றது. முதல் நாள் மாலை வரை மீன்கள் கட்டைக்குள் இருந்தன. இரவு பத்து மணிக்கு மெழுகுவத்தியைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு மேலே வந்திருந்தன. செவுள் மூடிகள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. இம்முறை நான் யாரையும் அழைத்துக் காட்டவில்லை.

சமையலறையிலிருந்து பெரிய டம்ளர் ஒன்றை எடுத்துவந்தேன். தொட்டி நீரை முகந்து, முழங்கை உயரத்திலிருந்து மீண்டும் தொட்டியிலேயே ஊற்றினேன். காப்பியை ஆற்றுவதுபோல்தான். விழும் நீர் காற்றை இழுத்துக்கொண்டு உள்ளே போகும். ஐம்பது முறை ஊற்றினேன். மிதவைச் செடிகளில் பாதியை அள்ளி வெளியே எறிந்தேன். உணவை அடியோடு நிறுத்தினேன். உண்ட மீனுக்குக் காற்று மிகுதியாக வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை நானும் என் தாயாரும் முறை வைத்து ஊற்றினோம். மோட்டார் இரைச்சலைப் பொறாத அம்மா, அந்த இரண்டு இரவும் டம்ளரும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் ஊற்றும்போது மீன்கள் கீழே இறங்கும். நிறுத்தினால் சற்று நேரத்தில் ஒவ்வொன்றாக மேலே வரும். மேலே எத்தனை நிற்கின்றன என்று எண்ணியே அடுத்து எப்போது ஊற்றவேண்டும் என்று முடிவு செய்தோம்.

மூன்றாம் நாள் இரவு மின்சாரம் வந்தது. மோட்டார் பழைய இரைச்சலோடு ஓடத் தொடங்கிற்று. ஒரு மணி நேரத்துக்குள் ஐந்து மீன்களும் மேற்பரப்பை விட்டு இறங்கி, மரக்கட்டையின் அடிப்புறத்தை ஒட்டி, எப்போதும்போல் மல்லாந்து நின்றன. செவுள்கள் மெதுவாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தன.